அத்தைக்குப் படித்துச் சொன்ன கொலைக் கதைகள்

நல்ல மேய்ப்பன் படம் போட்ட காலண்டர் தாள் அது. தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்துகொண்டு இயேசு ஓர் ஓடையைக் கடந்து வருவார். ஓடையின் நீலம் அச்சில் கொஞ்சம் வழிந்து அவருடைய அங்கியின் ஓரத்திலும் பட்டிருக்கும். போன வருடத்துக் காலண்டரிலிருந்து அந்தத் தாளைக் கிழியாமல் கழற்றி, மடித்து, சோற்றுப் பசை தடவி ஒரு புத்தகத்துக்கு அட்டை போட்டேன். புத்தகத்தின் சொந்த அட்டையில் சிவப்புப் புடவை கட்டிய ஒரு பெண் வாயைத் திறந்து அலறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கையுறை போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது. மேய்ப்பனை அவள்மேல் போர்த்தி ஒட்டிவிட்டு, தலையணைக்குப் பக்கத்தில் பைபிளோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எட்டு மாதக் கர்ப்பம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. நான் ஏமாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒருவரைத்தான். என் கணவரின் அம்மாவை. அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நான் திருவள்ளூர்ப் பெண். திருப்பாச்சூர் போகும் சாலையில் எங்கள் வீடு. ஸ்டேஷனுக்கு எதிரே வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து வீட்டில் சும்மா இருந்த வருடங்களில் அந்தக் கடையின் மர்ம நாவல் தட்டு முழுவதையும் இரண்டு சுற்று படித்து முடித்திருந்தேன். கல்யாணமாகி ஆரம்பாக்கத்துக்கு வந்தபோது அந்த வீட்டில் ஒரு பைபிளும் ஒரு பாட்டுப் புத்தகமும் மட்டும் இருந்தன. கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஓர் இரும்புக் கம்பெனியில் ஷிஃப்டு வேலை. அத்தை அதுவரை நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்தவர். அவர் குனிந்து நட்ட வயல்களில் சில அதற்குள் கம்பெனிக் காம்பவுண்டு சுவருக்கு உள்ளே போய்விட்டன. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. "நான் குனிஞ்சது போதும். என் புள்ள நின்னுக்கினு வேல செய்யறான்" என்பார்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காதில் விழுந்த எதையும் மறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வாசித்த அதிகாரத்தில் தவறிப்போய் ஒரு வசனத்தைத் தாண்டிவிட்டால், ஆராதனை முடிந்ததும் வாசலில் அவரை நிறுத்தி, விட்டுப்போன வசனத்தைச் சொல்லிக் காட்டுவார். அப்படி ஒருவரை ஏமாற்றிவிடலாம் என்று நான் நினைத்தது என் வயதின் அறியாமை.

எனக்கு அதற்கு முன் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் போனது, இரண்டாவது ஏழாம் மாதத்தில். மூன்றாம் முறை எட்டாம் மாதம் பிறந்த வாரத்தில் புடவையில் உதிரம் பட்டது. ரயிலில் வேண்டாமென்று வாடகைக் காரில் பொன்னேரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா என்னைச் சோதித்துப் பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டு, "ஒரு மாசம் இந்தப் பொண்ணோட கால் தரையில படக் கூடாது. மனசும் அலையக் கூடாது. உங்க பொறுப்பு" என்றார்.

"காலு என் பொறுப்பு டாக்டரம்மா, கட்டிப் போட்டாவது வக்கிறேன்" என்றார் அத்தை. "மனச இன்னா பண்றது?"

பாட்டு கேட்கட்டும், ஏதாவது படிக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

முதல் நான்கு நாள் நான் ஓட்டுக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஓட்டு இடுக்கில் விழும் வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, எதிர்ச் சுவரில் ஏறி மறையும். அதற்குள் குழந்தை எத்தனை முறை அசைந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் அசைவில்லையென்றால் பயம். அசைந்தாலும் பயம்தான், ஏன் இவ்வளவு அசைகிறது என்று. ஐந்தாம் நாள் காலையில் கணவரிடம், எங்கேயாவது இரண்டு மர்ம நாவல் கிடைத்தால் வாங்கி வாருங்கள் என்று கெஞ்சினேன். அது அடுப்படியில் இருந்த அத்தையின் காதில் விழுந்துவிட்டது.

"கொல, கொள்ள, இதெல்லாம் இந்த ஊட்ல வாணாம்" என்று கரண்டியோடு வந்து நின்றார். "வயித்துல இருக்கறது காது குட்த்து கேட்டுக்கினு இருக்குது. நாளைக்கு அது கத்தி எத்துக்கினு பொறக்கப் போவுது."

சொன்னதோடு நிற்கவில்லை. அன்று மத்தியானமே பாஸ்டரின் மனைவியிடம் போய், சபை அலமாரியிலிருந்து மூன்று புத்தகங்களை முந்தானையில் மூடி எடுத்து வந்தார். முதல் இரண்டும் நல்ல புத்தகங்கள். நல்லவர்கள் நல்லவர்களாகவே இருந்து கடைசியில் இன்னும் நல்லவர்களானார்கள். எனக்குத் தூக்கம் வந்தது, அதுவும் ஒரு லாபம்தான். மூன்றாவதை வேண்டாவெறுப்பாகத்தான் திறந்தேன். ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். அங்கே ஒரு சிறிய தேவாலயம். கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு விடியற்காலையில் பார்த்தால் கோபுரத்திலிருந்த மணியைக் காணோம். மூன்றாள் சேர்ந்தாலும் தூக்க முடியாத வெண்கல மணி. நான் எழுந்து உட்காரப் போய், அத்தை முறைத்ததும் மறுபடி படுத்துக்கொண்டேன்.

அந்த மாதம் அத்தை எந்த வேலைக்கும் வெளியே போகவில்லை. கடைக்காரர் ஒருவருக்குப் புளி கொட்டை எடுத்துத் தரும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். கல்லின் மேல் புளியை வைத்து இரும்புத் துண்டால் தட்டுவார். டொக் டொக் என்று நாள் முழுவதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். "மனசுக்குள்ளயே படிச்சிக்கினு இருந்தா எனக்கு இன்னா தெரியும்? சத்தமா படி" என்றார். படித்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் அந்த டொக் டொக் மெதுவானது. மூன்றாம் அத்தியாயத்தில் நின்றேபோனது. நான் நிமிர்ந்து பார்த்தால் இரும்பு கையில் தூக்கியபடி இருக்க, வாய் லேசாகத் திறந்திருந்தது.

மணியைத் திருடியவர் யார் என்று குப்பத்தில் ஒவ்வொருவர்மேலும் சந்தேகம் போனது. படகுக்காரன், பக்கத்து ஊர்ப் பித்தளை வியாபாரி, சபையோடு சண்டை போட்டுப் பிரிந்த பணக்காரர். பாதிக் கதையில் அத்தை என்னை நிறுத்தினார்.

"மணி அடிக்கறவன்தான்."

"அவர்தான் அத்தை ரொம்ப அழுவுறாரு. அவர்மேல யாருக்கும் சந்தேகமே இல்ல."

"அயுவுறான், சரி. இருவது வருசமா காலீல ஆறு மணிக்குக் கயிறு இய்த்த கை. அந்த நேரம் வந்தா அது தானா எய்ந்திருக்காதா? இவன் கைய கட்டிக்கினு உக்காந்துக்கினு இருக்கான் பாரு. மணி எங்க இருக்குதுன்னு அவனுக்குத் தெரியும். தேடறவன் கை அப்டி இருக்காது."

அவரேதான். மணியில் விரிசல் விட்டிருந்தது. தன் கையால்தான் விரிசல் விட்டது என்று சொல்ல வெட்கப்பட்டு, கயிறும் கப்பியும் போட்டு அதை ஏரிக்குள் இறக்கிவிட்டிருந்தார். புத்தகத்தை மூடிவிட்டு அத்தையைப் பார்த்தேன். தட்டு நிறைய மர்ம நாவல் படித்த எனக்கு அது தெரியவில்லை. அத்தை ஒன்றும் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. "இதுமாரி இன்னொண்ணு இருந்தா படி" என்றார்.

சபை அலமாரியில் இன்னொன்று இல்லை. கணவருடைய கம்பெனியில் கூட வேலை செய்த ஒருவர் மர்ம நாவல் பைத்தியம். டிபன் பைக்குள் எப்போதும் ஒன்று வைத்திருப்பார். கணவர் அவரிடம் நிலைமையைச் சொல்லி நான்கு நாவல்களை வாங்கிவந்து, அத்தை கிணற்றடிக்குப் போன நேரத்தில் என்னிடம் கொடுத்தார். அப்படித்தான் நல்ல மேய்ப்பன் அட்டைக்கு வேலை வந்தது. மனதுக்குள் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அத்தை சாக்கை விரித்து உட்கார்ந்து, படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உம், ஆரம்பி" என்றார்.

எனக்கு யோசிக்க நேரமில்லை. முதல் வரியில் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். நான் பாஸ்டர் சைக்கிளிலிருந்து இறங்கினார் என்று படித்தேன். அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் போயிற்று. கான்ஸ்டபிள்கள் எல்லோரும் சபை மூப்பர்கள் ஆனார்கள். கிளப்பில் நடனமாடிய பெண் ஞாயிறு பள்ளி டீச்சர் ஆனாள். விஸ்கி இருந்த இடத்திலெல்லாம் காபி ஊற்றினேன். ஒரு கண்ணால் வரியைப் பார்த்துக்கொண்டே, வாயால் அதை மாற்றிச் சொல்ல இரண்டு நாளில் பழகிவிட்டேன். துப்பாக்கியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைத்தடி என்று வைத்துக்கொண்டேன். ஒரு பரபரப்பான இடத்தில் என்னை மறந்து, "பாஸ்டர் கைத்தடியை நீட்டினார், அதன் நுனியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது" என்று படித்துவிட்டேன்.

டொக் டொக் நின்றது. "கைத்தடில பொகை வருதா?"

"சூடு அத்தை. நல்ல வெயில்ல நடந்து வந்தாரில்ல."

"ஆமா, வெயிலு தலவலியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அத்தை புளியைத் தட்டத் தொடங்கினார். அந்தப் பக்கம் ஷிஃப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வெகுநேரம் இருமிக்கொண்டிருந்தார்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மாதம் இருந்ததில்லை. காலையில் கண் விழித்தால், நேற்று விட்ட இடத்தில் கிடக்கும் பிணம்தான் முதலில் ஞாபகம் வரும். குழந்தையின் அசைவை எண்ண மறந்துபோன முதல் நாளை நான் கவனிக்கவே இல்லை. மறுநாள் மத்தியானம் அது ஓங்கி ஓர் உதை உதைத்தபோதுதான், நேற்றிலிருந்து எண்ணவில்லையே என்று உறைத்தது. அத்தையும் நானும் கதைக்கு நடுவில் மணிக்கணக்காக வழக்காடுவோம். கல்யாணமாகி நான்கு வருடத்தில் நாங்கள் இருவரும் அரிசி, விறகு, தண்ணீர் தவிர வேறெதையும் பேசியதில்லை. இப்போது, ஒரு நாவலில் வந்த, கணவனை இழந்த பணக்காரி ஏன் பொய் சொன்னாள் என்பதில் தொடங்கி, தான் கணவனை இழந்த நாளில் பக்கத்து வீட்டாரிடம் தானும் ஒரு பொய் சொன்னதாக அத்தை சொன்னார். அழவில்லை என்று சொன்னாராம். "அயுதேன்னு சொன்னா நடவுக்குக் கூப்ட மாட்டாங்க, ஊட்ல இருன்னு சொல்வாங்க. ரெண்டு புள்ளைங்க சோத்துக்கு இன்னா பண்ணும்?"

மூன்றாவது வாரம், நான்காவது நாவல். கொடைக்கானல் பக்கம் ஒரு பங்களாவில் ஜமீன்தார் ஒருவர் செத்துக் கிடந்தார். அங்கே இருந்தவர்கள் நாலே பேர்: மருமகன், வக்கீல், குடும்ப டாக்டர், சமையல்காரி. முக்கால்வாசி வந்திருந்தோம். அன்று மத்தியானம் பாஸ்டர் இருட்டு அறையில் காத்திருக்க, பின்வாசல் கதவு மெல்லத் திறக்கும் இடத்தில் எனக்கு இடுப்பிலிருந்து ஒரு வலி கிளம்பியது. அடிவயிற்றை இறுக்கிப் பிடித்து, விட்டது. புத்தகத்தைக் கீழே வைத்தேன். வலி திரும்பவும் வந்தது. புடவையில் ஈரம். முந்தைய இரண்டு முறையும் இப்படித்தான் தொடங்கியது.

அத்தை எழுந்து பார்த்தார். வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த நர்சம்மாவை உடனே அழைத்து வரச் சொன்னார். கணவர் கம்பெனியில். வீட்டில் நாங்கள் இருவர்தான். அத்தை என் கால் பக்கம் ஒரு தலையணையை வைத்து உயர்த்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். புளி பிடித்துக் கறுத்த கை, பிசுபிசுவென்று இருந்தது. இன்னொரு கையால் புத்தகத்தை எடுத்து என் மார்பில் வைத்தார்.

"படி."

"முடியல அத்தை. இதுவும் போயிடும் அத்தை."

"கதவு தொறந்துச்சி. உள்ள வந்தது யாரு? படி."

நான் வாயைத் திறந்தேன். பாஸ்டர் என்று தொடங்கி, மேலே வராமல் நின்றேன்.

"இப்பப் போயி பாஸ்டருன்னு மாத்திக்கினு கெடக்காத. இன்ஸ்பெக்டருன்னு போட்டுக்கறத இன்ஸ்பெக்டருன்னே படி. கைத்தடிய வுட்டுட்டு துப்பாக்கின்னு படி. மூச்ச மட்டும் மெதுவா வுடு."

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு குலுங்கும் என்று அடக்கிக்கொண்டு படித்தேன். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நீட்டினார், துப்பாக்கியிலிருந்து புகை வந்தது, யாரோ சன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். வலி வரும்போது நிறுத்துவேன். அத்தை கையை இறுக்கிக்கொண்டு, "அப்பறம்?" என்பார். அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். நர்சம்மா வியர்த்துக் கொட்டி வந்து சேர்ந்தபோது வலிகளுக்கு நடுவில் இடைவெளி நீண்டிருந்தது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். ஆனாலும் பொன்னேரியில் சேர்த்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லி, அன்று சாயங்காலமே அனுப்பிவைத்தார்.

பொன்னேரி வார்டில் இன்னும் ஒன்பது நாள் படுக்கை. புத்தகம் எதுவும் கையில் இல்லை. அத்தைதான் அந்த ஒன்பது நாளும் கதை சொன்னார். எனக்கு மட்டுமல்ல, வார்டில் இருந்த ஏழெட்டுப் பெண்களுக்கும். நான் படித்த நாவல்களை ஒரு வரி விடாமல், அதே குரல் ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். ஆனால் பாஸ்டரை அப்படியே வைத்துக்கொண்டார். தனியாக இருந்தபோது, எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"மொத நாளே. எத்தினி பொணம் பாத்துட்டாரு அந்த பாஸ்டரு. ஒரு தபா கண்ண மூடி ஜெபம் பண்ணாரா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"ஓட்டப் பாத்துக்கினு பயந்துக்கினு கெடந்த. அதுக்கு கொலகாரன பாத்து பயந்தா தேவலன்னு வுட்டுட்டேன்." என் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "எனக்கும் கேக்கணும்போல இருந்திச்சி" என்றார்.

பத்தாம் நாள் காலையில் மகள் பிறந்தாள். வெறுங்கையோடுதான் பிறந்தாள், அத்தை இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சென்னையில் வேலை. நாங்கள் அன்று வாடகைக் காரில் பயந்து பயந்து போன அதே பொன்னேரியைத் தாண்டித் தினமும் ரயிலில் போகிறாள், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு கதை கேட்கிறாள். என்ன கதை என்று கேட்டால் கொலைக் கதை என்கிறாள். நான் சிரித்துக்கொள்வேன். அத்தை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கும்மிடிப்பூண்டியில் இப்போது வயல் எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் சொல்ல முடியாது. ஆனால் அத்தையை நினைக்கும்போது எனக்கு வயல் ஞாபகம் வருவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வருகிறது.

நாங்கள் குழந்தையோடு வீடு திரும்பியபோது அந்த நான்காவது நாவல் கைவிட்டுப் போயிருந்தது. கணவரின் சிநேகிதர் வேறு கம்பெனிக்கு மாறிப் போகும்போது புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று தெரியாமலே ஒரு வருடம் ஓடியது. அத்தைக்கு மட்டும் சந்தேகமே இல்லை. டாக்டர்தான். "கைய தொட்டுப் பாக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாருன்னு சொன்னான் பாரு, அப்பவே தெரிஞ்சிச்சி." பிறகொரு நாள் கணவர் ரயிலில் அந்தச் சிநேகிதரைப் பார்த்து, அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தார். மகளை மடியில் போட்டுக்கொண்டு கடைசி இரண்டு அத்தியாயங்களை அத்தைக்குப் படித்தேன். கொலை செய்தது சமையல்காரி. ஏதோ பழைய பகை. விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள், கதை முடிந்தது.

அத்தை என் மடியிலிருந்து மகளை வாங்கிக்கொண்டார். பிறகு, "அவ இல்ல" என்றார்.

"அவளேதான் ஒத்துக்கிட்டாளே அத்தை."

"அடிச்சிருப்பாங்க. ஜமீன்தாரு செத்த அன்னிக்கு அவ இன்னா பண்ணிக்கினு இருந்தா? மறுநாளு இட்லிக்கு உளுந்து ஊற வச்சா. நீதான் படிச்ச. கொல பண்ணிட்டு ஓடப் போறவ உளுந்து ஊற வப்பாளா? இன்னா அநியாயம் இது. டாக்டரு படிச்சவன், அவன வுட்டுட்டாங்க. இவளக் கேக்க நாதியில்லன்னு புட்ச்சிக்கினு போயிட்டாங்க. எய்தனவருக்கும் அது தெரியல."

அந்த வார ஆராதனையில், ஜெப விண்ணப்பம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் கேட்டபோது, பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்து நின்றார். எனக்குத் தெரியாது, என்னிடம் சொல்லவில்லை.

"செய்யாத கொலைக்கு ஒரு சகோதரி ஜெயில்ல இருக்கா பாஸ்டரய்யா. அவளுக்காக ஜெபிக்கணும்."

"எந்த ஊரும்மா?"

"கொடைக்கானல் பக்கம்."

"பேரு?"

"பேரு போடல. சமையக்காரின்னுதான் எய்தியிருந்திச்சி."

பேப்பரில் வந்த செய்தி என்று பாஸ்டர் நினைத்திருக்க வேண்டும். கண்ணை மூடி, கையை உயர்த்தி, மனமுருகி ஜெபித்தார். அந்தச் சகோதரியைக் கைவிடாதேயும், உண்மை வெளிச்சத்துக்கு வரட்டும், நியாயாதிபதியின் கண்களைத் திறந்தருளும் என்று கேட்டார். ஆண்கள் பக்கத்தில் என் கணவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அடக்கத் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைக்கவும் இல்லை. சபை முழுவதும் ஆமென் என்றது. நானும் சொன்னேன். அந்தச் சமையல்காரிக்காக, மனதாரத்தான் சொன்னேன்.